ஒற்றைக் கொடிக்கு என்ன கணக்கு?

அன்று சனிக்கிழமை. லிட்டில் இந்தியாவில் இருக்கும் முகம்மது சுல்தான் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமில்லை. எல்லாருடைய கண்ணும் சுவரில் மாட்டியிருந்த டிவியில் இருந்தது. அதில் என்ன நடக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

டிவியில் பச்சைச் சட்டை போட்ட பெண்களும் சிவப்புச் சட்டை போட்ட பெண்களும் ஒரு பந்துக்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டையாக இல்லை, முட்டை போல நீண்டிருந்தது. மைதானமும் முட்டை வடிவம்தான். ஒருத்தி பந்தைக் காலால் உதைத்தாள். அடுத்தவள் அதைக் கையால் பிடித்தாள். பிடித்ததை முஷ்டியால் குத்தி மூன்றாமவளுக்கு அனுப்பினாள். இத்தனைக்கும் நடுவர் விசில் ஊதவில்லை.

"இது ஃபுட்பால்தானா?" என்று சுல்தான் மாமா கேட்டார். அவர் கையில் இருந்த தே தாரேக் டீ யாருக்கு என்பதையே மறந்துவிட்டார்.

"பேருல ஃபுட்பால் இருக்கு அண்ணே. அதுக்கு மேல எனக்கும் தெரியாது லா," என்றான் குகன். பக்கத்துத் துணிக்கடையில் வேலை செய்பவன். அவனுடைய கைப்பேசியிலிருந்துதான் டிவிக்குப் படம் வந்துகொண்டிருந்தது.

வார இறுதியானால் அந்தக் கடையில் கூடுகிற கூட்டம் அது. கால்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவர்களுக்கு. எந்த அணியில் யாருக்கு எந்தக் கால் வலிக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையில் பத்து வயது அதிரா உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய பெரியப்பா சின்னையா, கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பச்சை அணியில் ஏழாம் எண் சட்டை போட்டு ஓடியவள் அவருடைய மகள் பிரமிளா.

பிரமிளா அக்கா ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் படிக்கிறாள். போன புதிதில் பேசுவதற்கு ஆளில்லாமல் தினமும் வீட்டுக்குக் கூப்பிட்டு அழுவாள். பிறகு ஒரு பெண்கள் அணியில் சேர்ந்து ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடத் தொடங்கினாள். அன்றிலிருந்து அழுகை நின்றது. பேசினால் அணியைப் பற்றித்தான் பேசுவாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

ஆனால் போன மாதம் வீடியோவில் கூப்பிட்டபோது அவளுடைய முழங்கை வீங்கியிருந்ததைப் பெரியப்பா பார்த்துவிட்டார். எப்படி அடிபட்டது, ஏன் அடிபட்டது என்று கேட்டார். பிரமிளா விளக்கினாள். விளக்க விளக்க அவருக்குக் குழப்பம்தான் கூடியது.

பெரியப்பாவுக்கு வேலை என்னவோ ஜுரு என்ற ஊரில் கார் விற்கிற இடத்தில். ஆனால் அவருடைய பெருமை வேறு. இளவயதில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களில் அவர் லைன்ஸ்மேனாக இருந்தவர். கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டு ஓடி, ஆஃப்சைடு என்றால் சட்டென்று கொடியைத் தூக்குவார். அவர் இருக்கும்போது கடையில் விதிகளைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"பார்த்தாலே புரியணும், அதுதான் விளையாட்டு," என்று அவர் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நான் ஒரு ஆட்டம் முழுசா பார்க்கிறேன். யாரும் எனக்குச் சொல்லித் தரக் கூடாது. புரிஞ்சா நீ ஆடு. புரியலன்னா விட்டுடணும்."

பிரமிளா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவள். அன்று இரவே அதிராவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "அப்பா பக்கத்துல நீ இரு அதிரா. எனக்குப் பயமா இருக்கு."

அதனால்தான் அதிரா இங்கே இருந்தாள். ஆனால் பெரியப்பாவுக்குப் புரிய வைக்க அவளுக்கே முதலில் புரிய வேண்டுமே.

மைதானத்தின் கோடியில் வலை இல்லை, கோல்கீப்பரும் இல்லை. நான்கு கம்பங்கள் மட்டும் வரிசையாக நடப்பட்டிருந்தன. நடுவில் இரண்டு உயரமானவை, ஓரங்களில் இரண்டு குட்டையானவை. அவற்றுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நின்றிருந்தார்.

சிவப்பு அணிப் பெண் ஒருத்தி ஓங்கி உதைத்தாள். பந்து உயரமான கம்பங்களுக்கு நடுவில் பறந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு கைகளிலும் கொடிகளை எடுத்து ஆட்டினார்.

"அது கோல்," என்றார் பெரியப்பா. கடையே தலையாட்டியது. ஒரு விஷயமாவது புரிந்ததில் எல்லாருக்கும் நிம்மதி.

கொஞ்ச நேரத்தில் பச்சை அணி உதைத்தது. பந்து நடுவே போகாமல், உயரமான கம்பத்துக்கும் குட்டைக் கம்பத்துக்கும் இடையில் போனது. இந்த முறை ஒரே ஒரு கொடி ஆடியது.

"ஒத்தைக் கொடி. ஆஃப்சைடு. கோல் செல்லாது," என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

லைன்ஸ்மேன் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒற்றைக் கொடி ஆடும்போதெல்லாம் கடை மொத்தமும் "ஆஃப்சைடு" என்று முனகியது. பச்சை அணிக்குத்தான் அது அதிகம் விழுந்தது. இந்தப் பெண்களுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று யாரும் கற்றுக் கொடுக்கவில்லையா என்று சுல்தான் மாமாவின் மனைவி சலேஹா அக்கா கல்லாவில் இருந்தபடியே வருத்தப்பட்டாள்.

இடையிடையே ஆட்டம் நின்றது. முதல் தடவை நின்றபோது எல்லாரும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று எழுந்து கை கழுவப் போனார்கள். திரும்பி வந்தால் மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை நின்றபோது பாதி ஆட்டம் முடிந்தது என்று குகன் உறுதியாகச் சொன்னான். மூன்றாம் தடவையும் நின்றபோது அவன் வாயை மூடிக்கொண்டான்.

மைதானத்தில் ஒரு ஸ்கோர்போர்டு இருந்தது. ஆனால் கேமரா பிடித்தவர் யாரோ ஒரு வீராங்கனையின் அப்பா. தன் மகள் ஓடுகிற பக்கமே கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தார். எப்போதாவதுதான் போர்டு கண்ணில் பட்டது. அப்படிப் பட்டபோதும் குழப்பம்தான். முதல் கோல் விழுந்த பிறகு அதில் ஆறு என்று இருந்தது.

அது நிமிடக் கணக்கு என்றார் சுல்தான் மாமா. கோல் போட்டவளின் சட்டை எண் என்றான் குகன். போர்டு வைத்தவருக்குக் கணக்குத் தெரியவில்லை, கோலை மட்டும் எண்ணினால் போதும் என்றார் பெரியப்பா. அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கடைசியில் அவர் கணக்கு சிவப்புக்கு ஐந்து, பச்சைக்கு நான்கு என்று நின்றது.

அதிரா மட்டும் போர்டு எப்போது தெரியும் என்று காத்திருந்தாள். ஒரு முறை பச்சை அணிக்கு இருபத்தாறு என்று இருந்தது. உடனே ஒற்றைக் கொடி ஆடியது. கடை "ஆஃப்சைடு" என்றது. கேமரா மறுபடி அந்தப் பக்கம் திரும்பியபோது அங்கே இருபத்தேழு.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஆஃப்சைடுக்கு யாராவது மதிப்பெண் கொடுப்பார்களா? தன் கண்தான் தவறா, பெரியப்பாவின் தீர்ப்புத் தவறா? பெரியப்பா லைன்ஸ்மேன். அவள் ஐந்தாம் வகுப்பு.

இன்னொரு ஒற்றைக் கொடி ஆடியது. இருபத்தேழு, இருபத்தெட்டு ஆனது. அடுத்து சிவப்பு அணிக்கு இரண்டு கொடிகள் ஆடியபோது அவர்கள் எண்ணிக்கை ஒரே தாவாக ஆறு ஏறியது.

"பெரியப்பா, அந்த போர்டைப் பாருங்களேன், அதுல..." என்று தொடங்கினாள்.

பெரியப்பா விரலை உயர்த்தினார். "யாரும் சொல்லித் தரக் கூடாது. அதுதான் பேச்சு."

அதிரா வாயை மூடிக்கொண்டாள். தெரியாமல் இருந்தபோதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. பாதி தெரிந்துவிட்ட பிறகு அதைச் சொல்ல முடியாமல் இருப்பது தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருந்தது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். போர்டு ஒரு கணம் தெரிந்தது. இரண்டு பக்கமும் முப்பத்திரண்டு. ஐந்து கோலும் நான்கு கோலும் எப்படிச் சமமாகும், போர்டு கெட்டேபோய்விட்டது என்று கடையில் சிரித்தார்கள். அப்போது கம்பங்களுக்குக் கொஞ்ச தூரத்தில், வானத்திலிருந்து இறங்கிய பந்தைப் பிரமிளா தாவிப் பிடித்தாள்.

அதே நேரம் ஃபேக்டரிச் சங்கு மாதிரி ஒரு நீண்ட சத்தம் கேட்டது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

முடியவில்லை. பிரமிளா பந்தோடு சில அடிகள் பின்னால் போனாள். சிவப்பு அணிப் பெண்கள் அவளைத் தடுக்காமல் தள்ளி நின்று கைகளை மட்டும் உயர்த்தினார்கள்.

"சங்கு ஊதியாச்சு. இன்னும் என்னா உதை?" என்று சுல்தான் மாமா குழம்பிப்போய்க் கேட்டார்.

பிரமிளா உதைத்தாள். பந்து சுழன்றுகொண்டே போய் உயரமான கம்பத்தை ஒட்டி, அதற்கு வெளிப்பக்கமாகப் பறந்தது. ஒற்றைக் கொடி ஆடியது.

கடை மொத்தமும் தலையில் கை வைத்தது. ஆனால் டிவியில் பச்சை அணிப் பெண்கள் ஓடி வந்து பிரமிளாவின் மேல் விழுந்து கட்டிப் பிடித்தார்கள். கேமரா பிடித்தவரும் எதையோ கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். அவருடைய செருப்பும் புல்லும் மாறி மாறித் தெரிந்தன. பிறகு வானம் தெரிந்தது. பிறகு படம் நின்றுபோனது.

"தோத்துட்டு எதுக்குக் கட்டிப் பிடிச்சுக்கிறாங்க?" என்று சலேஹா அக்கா கேட்டாள். ஆஸ்திரேலியாவில் தோற்றாலும் சந்தோஷப்படுவார்களோ என்னவோ என்றான் குகன்.

பெரியப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "அஞ்சுக்கு நாலு. தோத்தாச்சு. கடைசி உதை ஆஃப்சைடு, அதுவும் நேரம் முடிஞ்ச பிறகு. எனக்கு ஒண்ணும் புரியல. பிரமிளா கூப்பிடட்டும், சொல்லிடுறேன்."

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடை வாசலில் கூரைக்குக் கீழே இருக்கும் அஞ்சடி நடைபாதைக்குப் போனார். அவருக்கும் அது சந்தோஷமாக இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான்.

அதிராவுக்கு அழுகை முட்டியது. இன்னும் சில நிமிடங்களில் அக்கா கூப்பிடுவாள். இவர் விட்டுவிடு என்பார். அவளும் விட்டுவிடுவாள். பிறகு பழையபடி தினமும் கூப்பிட்டு அழுவாள். சொல்லித் தரக் கூடாது என்றாரே, சொல்லாமல் எப்படித்தான் சொல்வது?

அவள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். சொல்லித் தரத்தானே கூடாது. கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

"பெரியப்பா, நீங்க லைன்ஸ்மேனா இருந்தப்போ எங்க நிப்பீங்க?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று பார்த்தார். ஆனால் லைன்ஸ்மேன் கதை என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. "நிக்கிறதா? கோட்டோரம் ஓடிக்கிட்டே இருப்பேன்."

"கம்பத்துக்குப் பின்னால நிக்க மாட்டீங்களா?"

"அங்க நின்னா ஆஃப்சைடு எப்படி..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"எத்தனை கொடி வச்சிருப்பீங்க?"

"ஒண்ணுதான். ரெண்டு கையிலயும் கொடி பிடிக்க நான் என்ன ஊர்வலமா போறேன்?" இந்த முறை சொல்லி முடித்த பிறகு நிறுத்தினார். அவருடைய புருவம் மெல்ல மேலே ஏறியது.

அதிரா கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "நீங்க ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினதும், உதைச்சவரை எல்லாரும் ஓடி வந்து கட்டிப் பிடிப்பாங்களா?"

பெரியப்பா பெரிதாகச் சிரித்துவிட்டார். ஒரு தடவை ஆயர் ஈத்தாம் மைதானத்தில் அவர் கொடி தூக்கியதற்கு, உதைத்தவனின் மொத்தக் கூட்டமும் அவரைப் பஸ் நிற்கும் இடம் வரை துரத்திக்கொண்டு வந்ததாம். ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினாராம். "கொடி தூக்கினா அடிக்கத்தான் வருவாங்க. கட்டிப் பிடிக்கிறதாவது."

சிரிப்பு அடங்கியது. அவர் தெருவைப் பார்த்தபடி நின்றார். ஒரு மூன்று சக்கரத் திரிஷா வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அவர் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப அந்தக் கொடி..." என்றார். பிறகு விறுவிறுவென்று கடைக்குள் போனார். "குகா, அந்தப் படத்தைப் பின்னால இழு."

குகன் இழுத்தான். கடைசி உதையைப் பார்த்தார்கள். கொடி ஆடிய பிறகுதான் பெண்கள் ஓடி வந்தார்கள். அதுவரை கைகளைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்கள். பெரியப்பா இன்னும் பின்னால் இழுக்கச் சொன்னார். போர்டு தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். கொடிக்கு முன்னால் என்ன எண், கொடிக்குப் பின்னால் என்ன எண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதிரா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கொடின்னா ஆறு," என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார். "ஒத்தைக் கொடின்னா ஒண்ணு. ஓரமா போனாலும் ஒண்ணு உண்டு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும் சமமா இருந்துச்சு. அதுக்கப்புறம் என் மக உதைச்சா."

அரை நொடி கடை யோசித்தது. பிறகு எழுந்த சத்தத்தில் வெளியே போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுல்தான் மாமா கையிலிருந்த தே தாரேக்கில் பாதி குகனின் சட்டையில் கொட்டியது. தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்தது என்று குகன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான். அதை யாரும் நம்பவில்லை.

பெரியப்பா அதிராவின் தலையில் கை வைத்தார். "நீ ஒண்ணுமே சொல்லித் தரல, இல்ல?"

"இல்லையே பெரியப்பா. கேள்வி மட்டும்தான் கேட்டேன்."

அப்போது கைப்பேசி அடித்தது. திரையில் பிரமிளாவின் முகம். கன்னத்தில் சேறு, கண்ணில் பயம். பின்னால் அவளுடைய அணிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, முழுசா பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"புரிஞ்சுதாப்பா?"

அதிரா பெரியப்பாவின் முகத்தையே பார்த்தாள். புரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"அந்தக் கொடி புரிஞ்சுது," என்றார். "நீ ஜெயிக்க வச்சது புரிஞ்சுது. ஆனா ஓடும்போது எதுக்குப் பந்தைத் தரையில தட்டித் தட்டி எடுக்கிறீங்க, அது புரியல. கோட்டோரம் நிக்கிறவர் எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பந்தை எறியறாரு, அதுவும் புரியல. சங்கு ஊதினப்புறம் உன்னை உதைக்க விட்டாங்களே, அது சுத்தமா புரியல."

பிரமிளாவின் முகம் வாடிவிட்டது. பின்னால் கேட்ட பாட்டை அவள் கையசைத்து நிறுத்தினாள். "சரிப்பா," என்றாள் மெல்லிய குரலில். "நான் வாக்குக் கொடுத்திருக்கேன். விட்டுடுறேன்."

"என்னா விட்டுடுறே?" என்றார் பெரியப்பா. "இன்னும் பாதி விளையாட்டு எனக்குப் புரியல. நீ விட்டுட்டா நான் எங்க போய்ப் பார்த்துப் புரிஞ்சுக்கிறது? அடுத்த ஆட்டம் எப்போன்னு சொல்லு."